பதிலை எதிர்பாராத அழைப்பு: என்எஃப்எஸ் பூட்டுகளின் உள்கதை

இரண்டு கணினிகள் நெட்வொர்க் வழியே ஒரே கோப்பில் எழுதப் போனால், ஒன்று பூட்டுப் போட வேண்டும், மற்றது காத்திருக்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய, வேறொரு கணினியில் (சர்வரில்) உள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியே பயன்படுத்த உதவும் என்எஃப்எஸ் கோப்பு முறையில் இது எளிதாக இல்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதே அதன் தொடக்கப் பதிப்புகளின் அடிப்படை. பூட்டுக்கோ நினைவு வேண்டும். ஆகவே என்எல்எம் (நெட்வொர்க் லாக் மேனேஜர்) என்ற தனி நெறிமுறை துணைக்கு வந்தது.

ஒரு கணினி மற்றொரு கணினியிலுள்ள செயல்முறையை இயக்கச் சொல்வதே ஆர்பிசி அழைப்பு. சாதாரணமாக அது தொலைபேசியில் பேசுவது போன்றது: கேட்டவர் பதில் வரும்வரை லைனிலேயே இருப்பார். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்யும் (ஒற்றை இழையில் ஓடும்) பூட்டு மேலாளர் நிரல் அப்படி ஒருவருக்காக நின்றால், பின்னால் வரிசையில் இருப்பவர் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதனால் என்எல்எம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. பூட்டுக் கேட்கும் 2-ஆம் எண் செயல்முறை பதிலுக்குக் காத்திருக்கும். அதையே ஒருவழியாகச் செய்வது 7-ஆம் எண். அனுப்பியதோடு அதன் வேலை முடிந்தது. முடிவைச் சர்வர் பின்னர் 12-ஆம் எண் செயல்முறையாக, தானே ஒரு புதிய அழைப்பு விடுத்துச் சொல்லும்.

பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். போவதும் 'அழைப்பு', வருவதும் 'அழைப்பு'. 'பதில்' என்று குறித்த பாக்கெட்டே இருக்காது. ஆர்பிசி அடுக்கு இடும் அடையாள எண்களும் பொருந்தா. அலுவலகக் கடிதத்தில் 'பார்வை: தங்கள் கடித எண்' என்று எழுதுகிறோமே, அந்த வேலையை இங்கே குக்கீ என்ற சிறு பைட் தொகுப்பு செய்கிறது. கேட்டவர் வைத்த குக்கீயை முடிவைச் சொல்பவர் அப்படியே திருப்பி அனுப்புவார்.

பழைய சன் ஆர்பிசி நிரல் நூலகத்தில் இதற்கென்று தனி வசதி கிடையாது. யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட்டை அனுப்பும் நெறிமுறை) வழியில் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக வைத்து அழைத்தால், நூலகம் செய்தியை அனுப்பிவிட்டு உடனே 'நேரம் கடந்தது' என்ற பிழையோடு திரும்பும். அந்தப் பிழையைத்தான் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டும்! பெறும் பக்கமும் பழக்கதோஷத்தில் வெற்றுப் பதில் எதையும் அனுப்பிவிடக் கூடாது.

உண்மையான சிக்கல் காத்திருக்கும் பூட்டில்தான் இருக்கிறது. கோப்பு வேறொருவரிடம் இருந்தால் சர்வர் 'காத்திரு' என்று சொல்லும். பூட்டு விடுபட்டதும் 'உனக்குக் கிடைத்தது' என்று கிளையண்டை அழைக்கும். அதே நொடியில் பயனர் சலித்துப்போய் நிரலை நிறுத்திவிட்டால்? ரத்துச் செய்தி ஒரு திசையில், வழங்கல் செய்தி எதிர்த்திசையில், இரண்டும் நடுவழியில் கடந்துபோகும். கிளையண்ட் தன் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்து, அப்படி ஒரு கோரிக்கை இப்போது இல்லையென்றால் 'வேண்டாம்' என்று கட்டாயம் மறுக்க வேண்டும். வாளாவிருந்தாலோ தவறாக ஏற்றுக்கொண்டாலோ அந்தப் பூட்டு உரிமையாளர் இல்லாமல் கிடக்கும். மற்றவர்கள் வாசலிலேயே நிற்பார்கள்.

வழங்கல் செய்தியே தொலைந்துபோகவும் கூடும். கிளையண்ட் பக்கத்து ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்தால் அது எப்போதுமே வந்து சேராது. எனவே லினக்ஸ் கிளையண்ட் சர்வரின் அழைப்பை மட்டும் நம்பி உட்காராமல், 30 வினாடிக்கு ஒருமுறை தானே மறுபடி கேட்கிறது. அதே உரிமையாளர் அதே பூட்டை இரண்டாம் முறை கேட்பதால் கெடுதல் இல்லை என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

2000-இல் முதலில் வரையறுக்கப்பட்ட என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு பூட்டைக் கோப்பு நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்து, காலக்கெடு உள்ள குத்தகையோடு, அதாவது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும் உரிமையோடு, இணைத்தது. அதில் காத்திருக்கும் கிளையண்ட் மறுபடி மறுபடி தானே கேட்டுப் பார்க்கிறது.