முதல் டிராக் டேயும் பழைய பிரேக் ஆயிலும்

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயப் பாதையில் டிராக் டே, அதாவது சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாள், அறிவிக்கப்பட்டால், அதற்கு முந்தைய வாரத்தில் எங்கள் பட்டறைக்கு இரண்டு மூன்று இளைஞர்களாவது வந்துவிடுவார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய சிறிய கார். கேட்பது ஏர் ஃபில்டரை மாற்றினால் இழுவை கூடுமா, சைலன்சரை மாற்றலாமா என்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோவையில் கார் பழுதுபார்க்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இதற்கு உடனே பதில் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருப்பூரிலிருந்து வந்த தம்பி ஒருவரும் அப்படித்தான். புதிய அலாய் சக்கரங்கள், கதவில் எண் ஒட்டிய ஸ்டிக்கர், உள்ளே பளபளக்கும் கியர் குமிழ் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மாற்றச் சொன்னேன், நேரமில்லை என்று போய்விட்டார். திங்கட்கிழமை காலை அவரே வந்து நின்றார். "அண்ணா, மூணாவது ரவுண்டுல பெடலு அப்படியே கீழ போயிருச்சுங்க. மண்ணுல ஓடி நின்னுச்சுங்க" என்றார். பாதைக்கு வெளியே அகலமான மண்பரப்பு இருந்ததால் வண்டிக்கும் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நம் பக்கத்தில் கார் ஓட்டப் பழகியவர்களுக்கு பிரேக் சூடாவது புதிய செய்தியல்ல. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது, முன்னே போகும் வண்டியிலிருந்து வரும் கருகல் வாடையை முகராதவர் குறைவு. இரண்டாவது கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே என்று சொல்லித்தான் வீட்டுப் பெரியவர்கள் நம்மை மலைக்கு அனுப்புகிறார்கள். அந்த அனுபவம் இருப்பவர்களே, பந்தயப் பாதை சமதளம்தானே, அங்கே பிரேக்குக்கு என்ன வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். மலையில் வேகம் குறைவு. எஞ்சின் தாங்கிப் பிடிக்கும். வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம். பந்தயப் பாதையிலோ, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்குள் வளைவுக்கு மேல் வளைவாக வருவதால், ஒருமுறை ஏறிய சூடு தணிவதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்குக் கழிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 417 கிலோஜூல். சுமார் 1.4 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் அதில் பெரும்பகுதி முன் சக்கரங்களுக்கே போகிறது. 70 சதவீதம் என்று கொண்டு, சக்கரத்தோடு சுழலும் முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 10 கிலோ இருந்தால், ஒரே மிதியில் அவற்றின் வெப்பம் இருந்ததைவிட 60 டிகிரிக்கு மேல் கூடிவிடும். ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு இடங்கள், ஒரு முறை உள்ளே போனால் பதினைந்து நிமிட ஓட்டம். காற்று ஓரளவு குளிர்விக்கும் என்றாலும் கூட்டிப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சூடு டிஸ்கிலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து அதைத் தாங்கும் கேலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் பரவுகிறது. நாம் ஆயில் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள கிளைகால் வகைத் திரவம். டாட் என்பது இந்தத் திரவத்தின் தரவகை. புதிதாக ஊற்றிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரநிர்ணயம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவம் கேலிப்பருக்குள் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே நீங்கள் பெடலில் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். சக்கரத்தைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. திருப்பூர்த் தம்பிக்கு நேர்ந்தது இதுதான்.

பெடல் கல்லைப்போல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால் அது வேறு கோளாறு. பேடு தாங்கும் வெப்பத்தைக் கடந்துவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சைப்போல் அமுங்கினால்தான் திரவம் கொதித்திருக்கிறது. முதலாவதற்கு இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டாவதில் பெடலை விட்டு விட்டுப் பலமுறை வேகமாக மிதித்து, கியரையும் இறக்கி, வேகத்தைக் குறைத்து உடனே பாதையோரம் வண்டிகள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அரைமணி நேரம் ஆறியபின் பெடல் பழையபடி விறைப்பாக நிற்கும். அதைச் சரியாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. ஈரம் ஏறிய திரவம் உள்ளேயே இருக்கிறது. பழைய திரவத்தை வெளியேற்றி, குழாயில் காற்று இல்லாதபடி புதிது ஊற்றாமல் அந்த வண்டியில் மறுபடி வேகம் எடுக்கக் கூடாது. இத்தனைக்கும் வேண்டியது ஒரு லிட்டர் டாட் 4 திரவமும் ஒரு மணி நேர வேலையும்தான். கார்க் கையேடு சொல்லும் வகையையே ஊற்ற வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ டாட் 4ஓடு கலந்துவிடக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிய பழைய டயர் பந்தயப் பாதைக்கு ஆகாது. 30 டிகிரியில் 32 அளவு காற்றடித்த டயர் 70 டிகிரிக்குச் சூடானால் 38ஐத் தொடும் என்பதால், உள்ளே போய்வந்தவுடன் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. சக்கர நட்டுகளைக் கையேடு சொல்லும் முறுக்கத்துக்கு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கால் மிதியடி, தண்ணீர் பாட்டில், சாமி படம், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுவரும் பாட்டிலுக்குப் புதிய பிரேக் ஆயில் மருந்தாகாது.

ஓட்டும்போது, வண்டி நேராக இருக்கும்போதே அழுத்தமாகவும் குறுகிய நேரத்துக்கும் பிரேக்கை மிதித்து, வளைவு தொடங்குமுன் விட்டுவிட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் கால் அதிர்ந்தால் பயந்து எடுத்துவிட வேண்டியதில்லை. முன்சக்கர இழுவை கொண்ட சிறிய கார் வேகம் மிஞ்சினால் வளைவில் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும்; அப்போது ஸ்டியரிங்கை மேலும் ஒடிப்பது வீண். ஆக்சிலரேட்டரைப் பதமாகத் தளர்த்தினால் முன்சக்கரம் தானாகப் பிடிக்கும். சட்டென்று முழுவதும் விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடக்கூடும். மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. இந்தப் பாதைக்குப் பெயர் தந்த கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். சிறிய எஞ்சின் என்று வெட்கப்படுகிறவர்களிடம் இதை நான் சொல்லத் தவறுவதில்லை.

கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள். எஞ்சினை அணைத்து முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மெக்கானிக் என்ற மிதப்பில் நானே முதல் முறை பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பின்பக்க லைனிங் டிரம்மைக் கவ்விக்கொண்டு வண்டி நகர மறுத்தது. என் பட்டறைப் பையன்களே சுத்தியலோடு வந்து விடுவித்தார்கள். அந்தக் கதை இன்னும் பட்டறையில் ஓடுகிறது.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில், பயன்பாட்டு வரம்புகள் என்ற பகுதியில், ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். பாதையில் நசுங்கிய கதவுக்குச் செலவு உங்களுடையது என்று எண்ணியே உள்ளே போக வேண்டும். அன்று மாலை சாலைக்கு வந்ததும் 80 கிலோமீட்டர் வேகம் ஊர்வதுபோல் தோன்றும். பல்லடம் சாலையில் மாடும் மொபெட்டும் குறுக்கே வருவது பழையபடிதான் இருக்கும். வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள்.

திருப்பூர்த் தம்பி அடுத்த டிராக் டேக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்தார். ஆயில், முன் பேடு இரண்டையும் மாற்றிக்கொண்டு போனவர், அன்று நான்கு முறை உள்ளே ஓட்டியும் பெடல் இறங்கவில்லை என்று இரவே போனில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சரிங்ண்ணா, அந்த ஏர் ஃபில்டரு?" என்று கேட்டார். இந்த பேடு தேய்ந்து மாற்ற வரும்போது பேசிக்கொள்ளலாம் கண்ணு என்றேன்.