சீடி பிளேயருக்குப் பக்கத்தில் வைக்கும் சின்னப் பெட்டி என்ன செய்கிறது?

மட்டக்களப்பில் பழைய வீடொன்றின் கண்ணாடி அலுமாரியைத் திறந்தால் நாலைந்து இறுவட்டுகளாவது இருக்கும். வடமோடிக் கூத்து, கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்கள், உறவுக்காரரின் கலியாண வீடு, பழைய சினிமாப் பாட்டுகள். ஊரில் பதிவு செய்தவற்றில் பல இணையத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆகவே அந்தத் தட்டுகளில் இருக்கும் சத்தத்தை முழுதாக வெளியே எடுக்கும் வழியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதற்கென்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி இப்போது மலிவாகவே விற்பனையில் இருக்கிறது. பெயர் டாக் (DAC). டிஜிட்டல் எண்களை வாங்கி, அம்பிளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. பூட்டினால் சத்தம் திருந்துமா? சில வீடுகளில் நன்றாகவே திருந்தும், சில வீடுகளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. காரணம் தட்டிலிருந்தே தொடங்குகிறது.

சீடியில் பதிந்திருப்பது வெறும் எண்கள். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் வகுத்த விதிப்படி, ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. இடது, வலது என்று இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவு. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. இந்த எண்கள் நுண்ணிய பள்ளங்களாக, தட்டின் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் செல்லும் ஒரே தடத்தில் பதிகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர். நீட்டிப் பிடித்தால் தடம் 5 கிலோமீற்றருக்கு மேல் போகும். கண்ணுக்குத் தெரியாத 780 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசர் அதைத் தொடாமலே வாசிக்கிறது.

தூசி, கைரேகை, கீறல் எல்லாம் இருந்தும் அது எப்படிப் பிழையில்லாமல் வாசிக்கிறது? சீடியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1960இல் ரீட், சொலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் ஒரு பிழைதிருத்தக் குறியீட்டை வெளியிட்டார்கள். எண்களோடு சில மேலதிக எண்களையும் கணக்குப் போட்டுச் சேர்த்துவிட்டால், இடையில் சில தொலைந்தாலும் மிச்சத்தை வைத்துத் தொலைந்ததைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். சீடியில் ஒவ்வொரு 24 பைட்டுக்கும் 8 பைட் இப்படிச் சேர்கிறது. அது மட்டும் போதாது. ஒரு கீறல் விழுந்தால் பக்கத்துப் பக்கத்து எண்கள் மொத்தமாக அழிந்துவிடுமே! அதனால் எண்களைத் தடத்தில் கலைத்து, தூரத்தூர எழுதுகிறார்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஒரு குடும்பம் ஒரே பஸ்ஸில் ஏறாமல் பல பஸ்களில் பிரிந்து போவது போல. ஒரு பஸ் வழியில் நின்றாலும் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள், வராதவர் யார் என்பதும் தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டால் தடத்தின் வழியே ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் அழிந்தாலும் எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் மீள்கின்றன. அதற்கும் மேலே போனால் பிளேயர் தொலைந்ததற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஒரு மதிப்பை நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் சத்தம் ஒரு கணம் அறும், அல்லது பாட்டுத் துள்ளும்.

இதைப் புரிந்துகொண்டால் பல வியாபாரப் பேச்சுகள் தானாக உதிர்ந்துவிடும். தட்டின் விளிம்பில் பச்சை மை பூசினால் சிதறும் ஒளியை அது உறிஞ்சி ஒலியைத் தெளிவாக்கும் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. சரியாக வாசித்த எண்ணை மேலும் சரியாக்க எந்த மையாலும் முடியாது. காந்தம் நீக்கும் கருவி என்றும் ஒன்று விற்கிறார்கள். சீடியில் இருப்பது பொலிகாபனேற்றும் மெல்லிய அலுமினியப் படலமும்தான். நீக்குவதற்கு அங்கே காந்தம் எங்கே இருக்கிறது?

சரி, எண்கள் சுத்தமாக வந்துவிட்டன. சத்தம் கெடுவது அதற்குப் பிறகுதான்.

நம் வீடுகளில் சீடி போடுவது பெரும்பாலும் மலிவான டிவிடி பிளேயரில். அதற்குள் மோட்டார், படத்துக்கான சுற்று, வேகமாக அணைந்தெரியும் மின்வழங்கி எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒலியை மாற்றும் சிப்பும் அதே பலகையில்தான். 16 பிட்டில் கடைசிப் படி என்பது மொத்த உயரத்தில் 65,536இல் ஒரு பங்கு. வழக்கமான 2 வோல்ட் வெளியீட்டில் அது மைக்ரோவோல்ட் கணக்கில் வரும். பக்கத்தில் ஓடும் மோட்டாரின் மின்னிரைச்சல் அந்த நுண்மையைச் சுலபமாக மூடிவிடும். கூத்துப் பதிவில் மத்தள அடி ஓய்ந்த பிறகு வரும் தோலின் அதிர்வு, சல்லரியின் இழுப்பு முதலில் தொலைவது இதனால்தான்.

டாக் பெட்டி இந்த வேலையை நெரிசலுக்கு வெளியே கொண்டுவருகிறது. பல பிளேயர்களின் பின்பக்கத்தில் கோஆக்சியல் என்றோ ஒப்டிக்கல் என்றோ எழுதிய துளை இருக்கும். அதன் வழியாக எண்கள் எண்களாகவே வெளியேறுகின்றன. டாக்கின் உள்ளே இருக்கும் சிப் அவற்றுக்கு இடையில் இன்னும் பல புள்ளிகளைக் கணக்கிட்டு, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, மாற்றத்தால் வரும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளிவிட்டு, பிறகு வடிகட்டுகிறது. டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வடிகட்டியைத் தாண்டி வருவது வழுவழுப்பான அலை. செக்கனுக்கு 44,100 அளவுகள், அவற்றில் பாதியான 22,050 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலையை முழுதாகத் திரும்ப வரையப் போதும். நம் காது கேட்பதோ 20,000 வரைக்கும்தான்.

ஸ்பீக்கரில் எப்போதும் ம்ம்ம் என்று இரைச்சல் கேட்டால் ஒப்டிக்கல் வயரைப் பாவியுங்கள். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. பிளேயருக்கும் அம்பிளிஃபயருக்கும் இடையில் எர்த் வழியே சுற்றும் 50 ஹேர்ட்ஸ் முனகல் அந்த இடத்தில் அறுந்துவிடும். பிளேயரின் ஒலி மெனுவில், எண்களைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் பிசிஎம் (PCM) என்பதைத் தெரிவு செய்யவும் மறக்கவேண்டாம்.

பெட்டியை வாங்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் சத்த அளவு ஒன்றாக இருக்கவேண்டும். சற்றுக் கூடச் சத்தமாக இருப்பது காதுக்கு நல்லதாகவே படும். பழைய பிளேயரே தரமானதாக இருந்தால் வித்தியாசம் தெரியாது, அந்தக் காசை ஸ்பீக்கருக்குச் செலவழிப்பதே புத்தி.

பாட்டுத் துள்ளினால் அது டாக்கின் பாடு அல்ல. கடற்காற்றும் வாவியின் ஈரமும் பிளேயரின் லேசர் லென்சில் படிந்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடே ஓடிவிடும்.

கடைசியாக, ஊரில் எரித்துக் கொடுத்த சீடிகள். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிபவை. அவற்றில் பள்ளம் இல்லை, சாயப் படலத்தில் லேசர் சுட்ட தடயம்தான் இருக்கிறது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை வெளிறச் செய்யும். வெளிறியதை எந்தப் பெட்டியாலும் மீட்கமுடியாது. எம்பி3யிலிருந்து எரித்ததாக இருந்தால், சுருக்கும்போது வெட்டப்பட்ட ஒலியும் திரும்பாது. கூத்தோ குளிர்த்தியோ அப்படி ஒரு தட்டில் இருந்தால், டாக் வாங்குவதற்கு முன்பு கணினியின் சீடி டிரைவில் போட்டு, சுருக்காத கோப்பாகப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.