பதில் வராத ஆர்டர்: திறமூல டிரேடிங் மென்பொருள் எழுதுவோர் கவனத்துக்கு

வணிக டிரேடிங் மென்பொருளுக்குத் திறமூல மாற்று ஒன்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் சார்ட்டிலும் இண்டிகேட்டரிலும்தான் முதலில் கை வைக்கிறார்கள். அந்தக் கணக்குகளுக்கு டிஏ-லிப் போன்ற ஆயத்த நிரல் நூலகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பணம் கரைவது வேறு இடத்தில்: ஆர்டர் போய்விட்டது, பதில் வரவில்லை என்ற அந்தச் சில நொடிகளில்.

100 பங்கு வாங்கச் சொல்லி அனுப்புகிறோம். இணைப்பு அறுந்து டைம்அவுட் ஆகிறது. நிரல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறது. முதல் ஆர்டரோ நிறைவேறிவிட்டது. பதில்தான் வழியில் தொலைந்தது. கையில் இப்போது 200 பங்கு. டைம்அவுட் வந்தால் என்ன நடந்தது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆர்டர் போகவில்லை என்று ஆகாது. ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் நம் பக்கமே ஓர் எண் கொடுத்து, அனுப்பும் முன்பே டிஸ்கில் எழுதிவிட வேண்டும். ஆர்டர் செய்திகளைப் பரிமாறப் பயன்படும் ஃபிக்ஸ் நெறிமுறையில் 11ஆம் டேக் (செய்தியின் ஒரு புலம்) இதற்கென்றே இருக்கிறது. இணைப்பு மீண்டதும் புதிய ஆர்டர் எதுவும் போகக் கூடாது. நிலுவை ஆர்டர்கள், நிறைவேறியவை, கையிருப்பு மூன்றையும் புரோக்கரிடம் கேட்டு நம் பதிவோடு ஒத்துப்பாருங்கள். கணக்கு உதைத்தால் நிரல் நிற்கட்டும், ஊகித்துச் சரிசெய்ய வேண்டாம்.

ரத்து செய்வதும் ஒரு கோரிக்கைதான். 100இல் 40 நிறைவேறிய பின் ரத்து அனுப்புகிறீர்கள். அது போய்ச் சேருவதற்குள் இன்னும் 25 நிறைவேறலாம். உறுதிச் செய்தி வரும்வரை மீதி 60 ரத்தாகிவிட்டது என்று கணக்கில் எழுதாதீர்கள்.

விலையை ஃப்ளோட்டில், அதாவது தோராயமாகச் சேமிக்கும் தசம எண் வகையில், வைப்பது அடுத்த பிழை. 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. விலைப்படி, அதாவது விலை நகரும் மிகச் சிறிய அளவு, 0.05 என்றால் 101.35ஐ 0.05ஆல் வகுத்து 2027 என்ற முழு எண்ணாகச் சேமியுங்கள், ஒப்பீடுகள் பிசகாது.

பேக்டெஸ்ட்டில், அதாவது பழைய தரவில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் சோதனையில், அபார லாபம் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். அன்றைய சந்தை மூடும் விலையைப் பார்த்து எடுத்த வாங்கல், விற்றல் முடிவு அதே விலையில் நிறைவேறியதாக நிரல் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். அடுத்த நாள் தொடக்க விலைதான் நியாயமானது.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு ஃபிளாக் (நிரலின் ஒரு பகுதியை இயக்கும் குறி), அங்கே கிடந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. பயன்படாத நிரலை அழித்துவிடுங்கள். ஆர்டருக்கு உச்ச அளவு, நிமிடத்துக்கு உச்ச எண்ணிக்கை, நாள் நட்ட வரம்பு ஆகிய மூன்றையும் சரிபார்க்கும் காவல் நிரலை, வாங்க விற்க முடிவெடுக்கும் உத்திக்கும் புரோக்கருக்கும் நடுவே தனிப் புரோசஸாக ஓட விடுங்கள். உத்தி நிரலுக்குள்ளேயே வைத்தால் அது தொங்கும்போது காவலும் சேர்ந்து தொங்கிவிடும்.

நிரலைத் திறந்து கொடுக்கலாம், சந்தைத் தரவை அப்படிக் கொடுக்க முடியாது. மறுவிநியோக உரிமை பெரும்பாலும் தனி. சோதனைக்குச் செயற்கைத் தரவை இணையுங்கள். புரோக்கர் கணக்கை நிரல் அணுகப் பயன்படும் ஏபிஐ சாவி, நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் தவறுதலாக ஏறிவிட்டால் கோப்பை நீக்கினாலும் பழைய கமிட்டில் (சேமித்த முந்தைய நிலையில்) அது இருக்கும். முதலில் புரோக்கர் தளத்தில் சாவியை ரத்து செய்துவிட்டுப் பிறகு வரலாற்றைச் சுத்தம் செய்யுங்கள்.