கிடார் டேப் எழுதுகிறவர்களே, கால அளவையும் எழுதுங்கள்

பாபநாசத்திலிருந்து பஸ் ஏறிக் கும்பகோணத்துக்கு என்னிடம் கிடார் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பையன், கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் வாசிக்க வேண்டும் என்று ஒரு டேப்பை அச்செடுத்து வந்தான். கிடாரின் ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள், விரலை எங்கே அழுத்த வேண்டும் என்று அவற்றின் மேல் எண்கள். ஓர் எண்கூடத் தவறாமல் வாசித்தான். பாட்டு மட்டும் வரவில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே நீளம். "தாள்ல இருக்கிறபடிதானே சார் வாசிக்கிறேன்?" என்றான். உண்மைதான். அந்தத் தாளில் காலமே இல்லை.

எந்தத் தந்தி, எந்த மெட்டு (கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) என்பதை டேப் சொல்லிவிடும். பாட்டை முன்பே கேட்டவருக்கு அது போதும். எழுதுகிறவருக்குத் தன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால், தாளிலும் அது இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. கேட்காத பிள்ளைதான் திணறுகிறது.

டேப் என்ற முறையைக் குறைசொல்ல மாட்டேன். 1507-இல் வெனிஸில் அச்சான லூட் (கிடார் போன்ற பழைய ஐரோப்பியத் தந்திக் கருவி) புத்தகங்களிலேயே கோடுகளுக்கு மேல் காலக்குறிகள் உண்டு. நம் ஸ்வரக்குறிப்பிலும் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. கால்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. மேலே கோடிட்டால் பாதி. தஞ்சாவூர்ப் பக்கம் நாலு கீதம் படித்த குழந்தைக்கும் இது தெரியும். கணினியில் தட்டிய டேப்பில்தான் காலம் கழன்றுபோனது.

எண்களுக்கு நடுவே விடும் இடைவெளியே காலத்தைக் காட்டிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறி, வரி மடங்கி, எல்லாம் குலைந்துவிடும். 12-ஆம் மெட்டு வந்தால் இரண்டு இலக்கம். அங்கேயே ஓரிடம் தள்ளிப்போகும்.

தவில் சத்தத்தில் வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகதிமி புதிதில்லை. அதனால் ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை வைத்து, டேப்புக்குக் கீழே இப்படி எழுதச் சொல்கிறேன்:

த க தி மி | த க தி மி
3 , , 5 | 7 , 5 ,

முதல் 3 மூன்று மாத்திரை நிற்கும், அடுத்த 5 ஒன்று, பிறகு இரண்டிரண்டு. மேற்கத்திய முறை பழகியவர்கள் எண்ணுக்குக் கீழே காம்பு, அதாவது நேர்கோடு, போடலாம்: வெறும் காம்பு ஒரு தட்டு, காம்பின் நுனியில் ஒரு வால் இருந்தால் அரை, இரண்டு வால் கால். எதுவானாலும் சரி, பக்கத்தின் தலையில் எந்த முறை என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் பெரியது. அடுத்த ஸ்வரம் எப்போது வருகிறது என்பது ஒரு கேள்வி. இந்த ஸ்வரம் எதுவரை ஒலிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் 3-ஆம் மெட்டை மீட்டுகிறது. அது நாலு தட்டும் நிற்க வேண்டும். அதற்குள் மேல் தந்திகளில் பாட்டு நகர்கிறது. டேப்பில் அந்த 3 ஒரே ஒரு முறைதான் இருக்கும். அதைப் பார்க்கும் பிள்ளை மீட்டியவுடன் இடதுகை விரலை எடுத்துவிடுவான். அடித்தளம் இல்லாமல் பாட்டு மெலிந்து கேட்கும். எத்தனையோ பேருக்கு இந்த விரலை நான் பிடித்து வைத்திருக்கிறேன். இங்கே ஒரே காலவரி போதாது. பாட்டுக்கு ஒரு வரி, கட்டைவிரலுக்கு ஒரு வரி எழுத வேண்டும். காம்பு போடுகிறவர்கள் பாட்டுக்கு மேல்நோக்கியும் கட்டைவிரலுக்குக் கீழ்நோக்கியும் போடுவார்கள்.

மௌனத்துக்கும் குறி தேவை. நம் கால்புள்ளி கார்வைக்கானது, அதாவது ஸ்வரம் நீண்டு நிற்பதற்கானது. கிடாரில் தந்தியைத் தொட்டு அடக்கும் இடத்தை அது சொல்லாது. டேப்பில் 0 என்றால் எங்கும் அழுத்தாமல் திறந்த தந்தியை மீட்டுவது; சும்மா இருப்பது என்று நினைத்து மீட்டாமல் விட்ட குழந்தைகளும் உண்டு. பெருக்கல் குறியோ, அடைத்த தந்தியைத் தட்டுவதற்கு ஏற்கெனவே போய்விட்டது. நான் ஓய்வுக்கு 'ஓ' போடுகிறேன்.

எழுதி முடித்ததும், கிடாரை எடுப்பதற்கு முன்பே கூட்டிப் பாருங்கள். நாலு தட்டுப் பாட்டில் ஒரு கட்டத்துக்கு, அதாவது நாலு தட்டுக்கு, பதினாறு மாத்திரை வர வேண்டும். பாட்டைப் பாடிக் காட்டச் சொல்லி, அந்தப் பையனும் நானும் அவன் தாளில் தகதிமி எழுதினோம். மூன்றாவது கட்டத்தில் பதினாலுதான் வந்தது. ஓர் எண்ணே விடுபட்டிருந்தது.