கருமருந்து ரிவால்வர்: வாயுவாகாத பாதி

கருமருந்து ரிவால்வரை முதல் தடவை சுடுகிறவருக்குக் குண்டு எங்கே பட்டது என்றே தெரியாது. விசையை இழுத்ததும் முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை எழும்பி இலக்கை மறைத்துவிடும். காற்றில்லாத நாளென்றால் கலையவே நேரமாகும். கூடவே அழுகிய முட்டை வாடை. கையோ உதை வாங்கியது போலில்லாமல், யாரோ நிதானமாகப் பின்னால் தள்ளியது போல நகரும்.

இதற்கெல்லாம் காரணம் மருந்துதான். வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட், கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. கரி எரிகிறது, வெடியுப்பு அதற்கு ஆக்சிஜன் கொடுக்கிறது, கந்தகம் சீக்கிரம் தீப்பற்ற வைக்கிறது. 1870களில் ஆண்ட்ரூ நோபல், ஃபிரெடெரிக் ஏபெல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூடிய எஃகுக் கலத்துக்குள் இதை எரித்து, என்னென்ன மிஞ்சுகிறது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். சுமார் 43 சதவீதம்தான் வாயு. மீதி 57 சதவீதம் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற திடப்பொருள்கள். குண்டைத் தள்ளுவது அந்த 43தான். மற்றது பொடிப்பொடியாகப் பறந்தால் புகை, குழலில் ஒட்டிக்கொண்டால் கரிப்பிசுக்கு. 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்து, எரிந்தால் அநேகமாக முழுவதும் வாயுவாகிவிடும். அதன் அழுத்தமும் மிக அதிகம். அதைப் போய்ப் பழைய ரிவால்வரில் போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.

சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836இல். அவருடைய 1851 நேவி மாடலை இன்றும் இத்தாலியில் பிரெஷியா பக்கத்துத் தொழிற்சாலைகள் நகலெடுத்து விற்கின்றன. இதற்குத் தயார்த் தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் சுடுகிறவரே மருந்தும் குண்டும் போட்டு நிரப்ப வேண்டும்.

சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தாராளமாகச் சுற்றும். அளவுக் குழாயில் எடுத்த மருந்தை அறைக்குள் கொட்ட வேண்டும். 20 கிரெய்ன், அதாவது 1.3 கிராம் போதும். குப்பியிலிருந்து நேரே கொட்டக் கூடாது. முன்பு சுட்டதில் ஒரு கங்கு அறைக்குள் மிஞ்சியிருந்தால் கையிலிருக்கும் குப்பி முழுவதுமே வெடித்துவிடும். அப்புறம் அறையின் வாயில் ஈயக்குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் குண்டு உள்ளே இறங்கும். இந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும்: குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரியது. அதனால் இறங்கும்போது அதன் ஓரம் சீவப்பட்டு, மெல்லிய ஈய வளையம் ஒன்று வாயிலேயே நின்றுவிடும். வளையம் முழுசாக வந்தால் குண்டு அறையை இறுக அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும், இடையில் காற்று இடைவெளி இருக்கக் கூடாது.

கடைசியில்தான் கேப். உருளையின் பின்புறம் அறைக்கு ஒன்றாக இருக்கும் நிப்பிள் என்கிற துளையுள்ள சிறு முனையில் சின்னச் செம்புத் தொப்பியைச் செருக வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் கேப் மாதிரி, அடிபட்டால் பொறி தரும் மருந்துதான் அதற்குள்ளும் இருக்கிறது. சுத்தி அடிக்க, பொறி நிப்பிளின் துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். சுமார் 5 கிராம் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர் வேகத்தில் கிளம்பும்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒவ்வொரு தடவையும் தீ சீறும். பக்கத்து அறையின் குண்டு சரியாக அடைக்காமல் இருந்தால் அதுவும் சேர்ந்து வெடிக்கலாம். பின்பக்கம் கேப் தளர்வாக இருந்தாலும் இதே ஆபத்து. குண்டின் மேல் கிரீஸ் பூசுவது இதைத் தடுக்கத்தான் என்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கிரீஸின் முக்கிய வேலை கரிப்பிசுக்கு இறுகாமல் பார்த்துக்கொள்வது. தீயைத் தடுக்க, குண்டும் கேப்பும் இறுக்கமாக இருப்பதையே நம்ப வேண்டும்.

குறிபார்க்கும் வெட்டு சுத்தியின் தலையிலேயே இருப்பதால், சுத்தியை முழுக்க இழுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அப்படி இழுக்கும்போது பலர் துப்பாக்கியை வானம் பார்க்கச் சாய்ப்பார்கள். பந்தா இல்லை, நசுங்கிய பழைய கேப் துப்பாக்கியின் உள்பாகங்களுக்குள் விழுந்து சிக்காமல் வெளியே விழட்டும் என்றுதான்.

வெடியுப்புக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களுக்குத் தேவைப்பட்ட வெடியுப்பு பெரும்பாலும் பீகார், வங்காளப் பக்கத்துச் சரக்கு. 1861 கடைசியில் அமெரிக்க வெடிமருந்துத் தயாரிப்பாளர் லமோ டூபான்ட் இங்கிலாந்துக்குப் போய் அதை மொத்தமாக வாங்கினார். ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் இருந்த தென் மாநிலத் தூதர்களை வட மாநிலக் கடற்படை பிடித்துப்போனதால் தகராறு வெடித்ததும் பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தகராறு தீர்ந்த பிறகுதான் சரக்கு நகர்ந்தது.

சுட்டு முடித்த அன்றே கழுவியாக வேண்டும். மிஞ்சிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். அவை உப்புகள் என்பதால் எண்ணெயில் கரையாது, வெறும் தண்ணீரில் கரையும். எனவே உருளையைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய் பூச வேண்டும். அடுத்த முறை மருந்து போடும் முன் அந்த எண்ணெயையும் துடைத்தெடுத்து, காலி அறைகளில் கேப் மட்டும் வைத்து ஒரு சுற்றுச் சுட வேண்டும். நிப்பிள் துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் கேப் மட்டும் 'டப்' என்னும், மருந்து பற்றாது.