சோவனீர் என்ற சொல்லும் துயரம் நடந்த இடத்துக் கடைகளும்

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம் 'சோவனீர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு அழைத்தார். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கான நினைவு அருங்காட்சியகம் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் கடையைப் பற்றிய கட்டுரை அவர் கையில் இருந்தது. 'நினைவுப் பரிசுக் கடை' என்று எழுதிவிட்டார், எழுதியது அவருக்கே உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். அத்தனை பேர் செத்த இடத்தில் யார் யாருக்குக் கொடுக்கிற பரிசு அது?

சோவனீர், சுவனீர், சூவனீர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு புத்தகம்தான். சங்கத்தின் வெள்ளிவிழா, கும்பாபிஷேகம், மாநாடு, எதுவானாலும் ஒரு சோவனீர் போடுவார்கள், 'சோவனீருக்கு அரைப் பக்கம் விளம்பரம் கொடுங்க சார்' என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அதற்கு 'மலர்' என்ற நல்ல சொல் வெகுநாளாக இருக்கிறது: விழா மலர், மாநாட்டு மலர். மேடையில் பொன்னாடை போர்த்திய கையோடு கொடுக்கிற கேடயம் நினைவுப் பரிசு. அங்கே கொடுக்கிறவரும் உண்டு, பெறுகிறவரும் உண்டு, அதனால் பரிசு என்பது பொருந்துகிறது. போன இடத்தில் காசு கொடுத்து வாங்கி வருகிற பொருளுக்கு என்ன சொல்வது, அந்த இடம் ஒரு துயரம் நடந்த இடமாக இருந்தால் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'சுப்வெனீரே' என்றால் கீழிருந்து மேலே வருதல், மனத்தில் எழுதல். பழைய பிரெஞ்சில் இந்த வினையை ஆளின் மேல் ஏற்றிச் சொல்ல மாட்டார்கள், 'எனக்கு அது நினைவு வருகிறது' என்கிற மாதிரிதான் வாக்கியம் அமையும். தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம், நாமும் அப்படித்தானே சொல்கிறோம். 'நான் நினைக்கிறேன்' என்றால் வேலை என்னுடையது. 'எனக்கு ஞாபகம் வருது' என்றால் வருவது அது, நான் அது வந்து சேரும் இடம் மட்டும்தான். செத்துப்போன ஒருவரின் சட்டையை அலமாரியில் எதேச்சையாகப் பார்த்தவர்களுக்கு 'எனக்கு' என்கிற இந்த நான்காம் வேற்றுமையின் கனம் தெரியும்.

பிரெஞ்சில் இன்றைக்கும் இந்தச் சொல்லின் முதல் பொருள் நினைவுதான், கடைச் சரக்கு அதற்கு அப்புறம். போரில் இறந்த வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1887இல் தொடங்கிய சங்கத்தின் பெயரே 'லெ சுவனீர் பிரான்சே'. கனடாவின் கியூபெக் மாகாணத்து வண்டிகளின் எண் பலகையில் 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்ற வாசகம் இருக்கும், அதிலும் இதே வினைதான். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது 'நினைவுக்காக வைத்துக்கொள்ளும் பொருள்' ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் இதை வினைச்சொல்லாகவே ஆக்கினார்கள், ஒன்றை 'சோவனீர் பண்ணினான்' என்றால் அதைத் திருடிக்கொண்டு வந்தான் என்று அர்த்தம். நினைவு, பொருள், திருட்டு என்று ஒரே சொல் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது நடுவில் இருக்கும் ஆங்கிலப் பொருள்.

சரி, நியூயார்க் கடைக்கு வருவோம். அருங்காட்சியகம் 2014 மே மாதம் திறந்தது. அந்த ஊரில் மட்டும் இறந்தவர்கள் 2,753 பேர், அவர்களில் சுமார் 1,100 பேரின் உடல் எச்சங்கள் அப்போது வரை அடையாளம் காணப்படவில்லை. அடையாளம் தெரியாத அந்த எச்சங்கள் இருப்பதும் அதே கட்டடத்தில்தான், தரைக்குக் கீழே ஒரு சுவருக்குப் பின்னால். மேலே கடையில் சட்டை, கோப்பை, சாவிக்கொத்து எல்லாம் இருந்தன, அவற்றோடு பாலாடைக்கட்டி பரிமாறும் ஒரு பீங்கான் தட்டும் இருந்தது. அமெரிக்க வரைபடத்தின் வடிவத்தில் செய்த தட்டு, விமானங்கள் மோதிய இடங்களில் சின்னச் சின்ன இதயக் குறிகள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் கொதித்தார்கள், நிர்வாகம் தட்டை எடுத்துவிட்டது. அருங்காட்சியகத்தை நடத்தக் கடை வருமானம் வேண்டும் என்பது நிர்வாகத்தின் பதில். அது பொய்யில்லை, அவ்வளவு பெரிய இடத்தை நுழைவுச் சீட்டை மட்டும் வைத்து நடத்துவது கடினம்.

ஆனால் என் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை, அந்த நான்காம் வேற்றுமையைப் பற்றியது. தட்டை வாங்கிப் போனவர் வீட்டில் விருந்து வைக்கிறார், கட்டியைத் துண்டு போட்டு அந்த இதயங்களின் மேல் அடுக்குகிறார். அவருக்கு யார் நினைவு வருவார்கள்? இறந்தவர்களா, தான் நியூயார்க் போய் வந்ததா? இறந்தவர்களைக் கொண்டுவந்தால்தான் அதை நினைவுப்பொருள் என்பேன். போய் வந்ததை மட்டும் கொண்டுவந்தால் அது பயணப்பொருள். விமான நிலையத்தில் பயணப்பொருள் விற்பதில் ஒரு தவறும் கிடையாது. பிணங்கள் இருக்கும் கட்டடத்தில் அதை விற்பது எனக்கு ஏற்கவே முடியாதது.

இதைவிடச் சிக்கலானது அந்த இடத்தையே உடைத்து விற்பது. நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்திருந்த பெர்லின் சுவர் 1989 நவம்பர் 9 இரவு திறந்ததும் சுத்தியலோடு வந்து சுவரைக் கொத்தியவர்களுக்கு ஜெர்மானியர்கள் மரங்கொத்தியை வைத்துச் 'சுவர்கொத்திகள்' என்று பெயர் வைத்தார்கள். சுவரைக் கட்டிய கிழக்கு ஜெர்மனி அரசே தன் நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுவரின் பகுதிகளை விற்றது, 1990 ஜூனில் மான்டே கார்லோவில் ஏலம்கூட நடந்தது. இன்றும் பெர்லின் கடைகளில் பிளாஸ்டிக் குமிழுக்குள் அடைத்த சில்லு கிடைக்கும், வண்ணம் பூசிய சில்லுக்குத்தான் கிராக்கி. அந்த வண்ணம் மேற்குப் பக்கத்தில் இருந்தது. கிழக்குப் பக்கத்துச் சுவரை யாரும் நெருங்க முடியாது, நெருங்கினால் சுடுவார்கள், அதனால் அங்கே ஓவியமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் சுவர். அந்தச் சுவரால் குறைந்தது 140 பேர் செத்தார்கள், அவர்கள் பார்த்த பக்கம் நிறமில்லாத பக்கம். வாங்குகிறவர் கேட்பதோ நிறத்தை.

இப்படிப்பட்டவற்றை நினைவுப்பொருள் என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் 'எச்சம்' என்ற சொல் இருக்கிறது: சுவரின் எச்சம், கப்பலின் எச்சம். டைட்டானிக் கிடக்கும் கடலடியிலிருந்து எடுத்த நிலக்கரியைத் துண்டு துண்டாக விற்றார்கள், அது எச்சம். அதே கப்பலின் இசைக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் 2013இல் 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது, அது எச்சம்கூட இல்லை, 'உடைமை'. 1912இல் அவர் இறந்த பிறகு அந்த வயலின் போய்ச் சேர்ந்தது அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணிடம். உடைமை என்று எழுதினால் உடையவர் யார் என்ற கேள்வி உடனே எழும், சோவனீர் என்று எழுதினால் எழாது.

விற்பதே தவறு என்று சொல்ல வந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். கம்போடியாவின் புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்று ஓர் இடம், ஒரு பள்ளிக்கூடத்தை கெமர் ரூஜ் ஆட்சி சிறையாக்கியது. உள்ளே போனவர்கள் 12,000க்கும் மேல், உயிரோடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சும் மேய் இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்பதால் பிழைத்தார், போ மெங் ஓவியர் என்பதால் பிழைத்தார், அந்த ஆட்சியின் தலைவர் போல் பாட்டின் படத்தை வரைய அவர் தேவைப்பட்டார். அந்த இருவரும் பிற்காலத்தில் அதே சிறையின் முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்து தங்கள் கதை அச்சான புத்தகங்களை விற்றார்கள். தான் அடிபட்ட கட்டடத்துக்கு வெளியே, தன்னைப் பற்றிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அந்தக் காசில் சாப்பிடுகிறார் ஒரு கிழவர். இதைப் பார்த்துச் சங்கடப்படுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. விற்கிறவரே நினைவுக்கு உரியவர், அவரைத் தாண்டி இதில் யாருக்கு உரிமை? நினைவுப்பொருள் என்ற சொல்லை முழு மனத்தோடு அங்கே எழுதுவேன்.

ஹிரோஷிமாவில் போக்கே தலைகீழ். கதிர்வீச்சால் வந்த ரத்தப் புற்றுநோயில் 1955இல் 12 வயதில் இறந்த சடகோ சசாகி மருத்துவமனையில் காகிதக் கொக்குகள் மடித்ததை அறிந்தவர்கள் அங்கே கொக்கு மடித்துக் கொண்டுவருகிறார்கள், தபாலிலும் அனுப்புகிறார்கள், வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி. அந்தக் காகிதத்தை மறுபடி கூழாக்கி அஞ்சலட்டை மாதிரிப் பொருள்கள் செய்கிறார்கள். வந்தவர் எதையோ கொடுத்துவிட்டுப் போகிற இடம் அது.

நம்மவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் உறவினருக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குப் பெயர் 'கல்வெட்டு'. இறந்தவரின் வாழ்க்கை, திதி வெண்பா, புலம்பல் பாட்டு, தேவாரம் எல்லாம் அதில் இருக்கும். இலவசமாகவே கொடுப்பார்கள், அதற்கு விலை போடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 2009 போரின் கடைசி நாள்களில் மக்கள் குடித்து உயிர் தரித்த கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். அதற்கு வழங்கும் சொல் நினைவேந்தல். பிரெஞ்சில் நினைவு தானாக வருகிறது, இங்கே அதைக் கையில் ஏந்த வேண்டியிருக்கிறது.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: பொதுவாக 'நினைவுப்பொருள்' என்று எழுதுங்கள், இலங்கை வாசகருக்கு 'ஞாபகார்த்தப் பொருள்' என்றாலும் புரியும். 'நினைவுச்சின்னம்' வேண்டாம், அது தூணுக்கும் மண்டபத்துக்கும் உரியது. அங்கிருந்தே எடுத்ததென்றால் எச்சம், ஆளுடையதென்றால் உடைமை. பரிசு என்று மட்டும் எழுதாதீர்கள்.

தனுஷ்கோடியில் சிதைந்து நிற்கும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கடைகள் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அங்கேதான் கடலுக்குள் போனது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு வண்டிகள் சாரை சாரையாக வருகின்றன. நான் போனபோது ஒரு கடையில் ஓர் அம்மா சோழியில் பெயர் பொறித்துக்கொண்டிருந்தார், துளைக்கும் கருவி இரைய வெள்ளைத் தூள் அவர் விரல்களில் படிந்திருந்தது. கடைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'பேரெல்லாம் இல்லை, சங்கு சாமான் கடைதான்' என்றார். சோவனீரும் இல்லை, நினைவும் இல்லை, சங்கு சாமான். விற்கிறதைச் சரியாகச் சொல்கிற பெயர். அந்த நேரம் எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன், தேவாலயச் சுவரிலிருந்து விழுந்த ஒரு பவளக்கல் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தான். அவர் கருவியை நிறுத்தினார். 'அது கோயில் கல்லு தம்பி, எடுத்த இடத்துலயே வச்சிட்டு வாங்க' என்றார். அவன் திரும்பி நடந்தான், அவர் கருவியை மறுபடி ஓடவிட்டு, அடுத்து நின்ற குழந்தையிடம் அதன் பெயரில் எந்த 'ன' என்று கேட்டார்.