அசால்ட்டா வுட்டுட்டேன் டாக்டரு

காசிமேடு பக்கம் சுகர் கிளினிக்ல உக்காந்து கால் புண்ணு பாக்குறவன் நான், தினம் ஒரு தடவையாவது காதுல விழுற வார்த்தை "அசால்ட்டா வுட்டுட்டேன் டாக்டரு". இங்கிலீஷ்ல அசால்ட்னா அடிதடி கேஸு, நம்ம ஏரியாவுல அதே வார்த்தை கண்டுக்காம இருக்கறதுக்குப் பேராயிடுச்சு. அதுலயும் பாதி பாராட்டு, ஐஸ் பொட்டிய ஒத்தை ஆளா தூக்கினா "அசால்ட்டா தூக்கிட்டாம்பா"ன்னுதான் சொல்வாங்க. அதனால அதைச் சொல்றப்போ யாருக்கும் வெக்கம் இருக்காது, லேசா ஒரு சிரிப்புதான் இருக்கும்.

நாங்க கேஸ் ஷீட்டுல எழுதுற வார்த்தை வேற, அலட்சியம். லட்சியம்னா குறி, கண்ணு வைக்க வேண்டிய பொருள், அந்தக் காலத்து ஆளுங்க "என்னை லட்சியமே பண்ணல"ன்னு சொல்வாங்கல்ல, அதுதான். பாக்க வேண்டியதைப் பாக்காம விட்டா அலட்சியம். சரி, பாத்தும் விட்டாங்களா, இல்ல தெரியவே இல்லியா? இதைக் கேக்காமலேயே நானும் ஆரம்பத்துல நிறைய பேர் ஷீட்டுல அந்த வார்த்தைய எழுதியிருக்கேன், இப்போ நெனச்சா கஷ்டமா இருக்கு.

மீன் விக்கிற ஒரு அம்மா, வயசு அறுபதை ஒட்டி, சுகர் வந்து பன்னெண்டு வருஷம். செருப்புல ஆணி ஏறி ரெண்டு நாள் அதோடயே நடந்திருக்காங்க, புண்ணுல வாடை வந்த அப்புறம்தான் மருமக இழுத்துட்டு வந்துச்சு. எங்ககிட்ட தூண்டி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கு, தோல்ல வச்சு அழுத்தினா 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ணை மூடிக்கங்கம்மா, தொட்டதும் சொல்லுங்கன்னு கட்டை விரல், பாதம்னு நாலு இடத்துல வச்சேன். அமைதி. அப்புறம் "இன்னா டாக்டரு, இன்னும் தொடவே இல்லியே"ன்னாங்க. மருமக மூஞ்சி மாறிடுச்சு, அதுவரைக்கும் அதுதான் "கெழவிக்கு எல்லாமே அசால்ட்டு"ன்னு திட்டிட்டு இருந்துச்சு.

வருஷக்கணக்கா சுகர் ஏறியே இருந்தா நரம்பு கெடும், உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான், அதனால மொதல்ல மரத்துப்போறது கால் விரலு. வலி இல்லாதவங்ககிட்ட ஏன் கவனிக்கலன்னு எப்படிக் கேக்கறது? அவங்களுக்கு வலிக்குப் பதிலா கண்ணுதான் காவல். தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாக்கணும், குனிய முடியலன்னா தரையில கண்ணாடி வச்சுப் பாக்கலாம், இல்ல பேரப்புள்ளைய பாக்கச் சொல்லலாம். மார்க்கெட்டுல நாள் பூரா ஐஸ் தண்ணியில நிக்கிறவங்க விரல் இடுக்கைக் கண்டிப்பா துடைக்கணும். ஆணிக்கால்னு கடையில வாங்கி ஒட்டுற பிளாஸ்டர், பிளேடு, சுடுதண்ணி ஒத்தடம் மூணும் வேணவே வேணாம், மரத்த கால்ல சூடு பட்டு தோல் உரிஞ்சாலும் தெரியாது.

நெஜமான அசால்ட்டு வேற இடத்துல இருக்கு. ஆட்டோ ஓட்டுற ஒருத்தரு, மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற HbA1c டெஸ்ட்ல 9.2 சதவீதத்துல இருந்து 6.8க்கு எறங்கிடுச்சு, ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு (ஆமா, சுகர் கிளினிக்குக்கு). "சுகரு போயிடுச்சு டாக்டரு"ன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு, எறங்குனதே மாத்திரையாலதான்னு அவருக்குத் தோணவே இல்ல, அடுத்த டெஸ்ட்ல பழைய நம்பருக்கே போயிடுச்சு. திருக்குறள்ல 54வது அதிகாரம் பொச்சாவாமை, சந்தோஷ மிதப்புல வர்ற மறதி அளவு மீறின கோபத்தைவிடக் கெட்டதுன்னு மொத குறளே சொல்லுது. அந்தப் பழைய வார்த்தை, பொச்சாப்பு, இவருக்குத்தான் சரியா பொருந்துது.

இன்னொரு கூட்டம் காட்டினா காலை எடுத்துடுவாங்கன்னு பயந்து வீட்லயே இருக்கும். அதுக்குப் பேரு பயம், அசால்ட்டுன்னு திட்டினா இன்னும் ஒளிஞ்சுப்பாங்க. தோல் கிழிஞ்ச அன்னிக்கே வந்தா முக்காவாசி டிரெஸ்ஸிங்லயே முடிஞ்சிரும். மாத்திரை வாங்க லீவு போட முடியலன்னு சொல்றவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க, ஏரியா சுகாதார நிலையத்துல பேர் கொடுத்து வைங்க.

அந்த அம்மாவுக்கு சுண்டு விரல் போயிடுச்சு, மிச்சம் பொழச்சுது. போன வாரம் வந்தப்போ ஷீட்டுல என்ன எழுதறேன்னு எட்டிப் பாத்தாங்க, படிக்கத் தெரியாது. "இன்னா எழுதினு கீற?" பாதத்துல உணர்ச்சி இல்லன்னு எழுதறேம்மான்னேன். "அதையே மருமவகிட்டயும் சொல்லிடு"ன்னுட்டு, வாசல்ல செருப்பைத் தலைகீழா ரெண்டு தட்டு தட்டி, உள்ள கையை விட்டுத் தடவிப் பாத்துட்டுதான் மாட்டினாங்க.